நெடுமாதம், குறுமாதம், இடைமாதம்

மாதம் மூவகைப்படும். முப்பத்தொரு நாளைத் தாண்டும் வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி நான்கும் நெடியன. முப்பதைத் தொடாத ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி ஐந்தும் குறியன. எஞ்சிய மூன்றும் எக்கட்சியிலும் சேராதவை. அவற்றை இந்நூல் மேற்கொண்டு பேசாது.

நெடியவற்றுள் நெடியது ஆனி: பழைய பஞ்சாங்கக் கணக்கில் 31 நாள் 36 நாழிகைச் சொச்சம். குறியவற்றுள் குறியது மார்கழி: 29 நாள் 20 நாழிகைச் சொச்சம். மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ராசிக்கு ராசி அதே 30 பாகை. மிதுனத்தில் அசைந்து அசைந்து போகிறவர் தனுசில் மட்டும் ஓடுவானேன்?

ஓடுவது அவரல்லர், நாம். பூமியின் பாதை நீள்வட்டம். சூரியன் இருப்பது நடுவில் அன்று, ஒரு குவியத்தில். மார்கழி இருபது வாக்கில் இருவருக்கும் இடையே 14.7 கோடி கி.மீ.; ஆனி இருபது வாக்கில் 15.2 கோடி. கிட்டே வந்தால் பூமி நொடிக்கு 30.3 கி.மீ. ஓடும், எட்டப் போனால் 29.3. சம காலத்தில் சம பரப்பு என்று கெப்ளர் இதை நூலில் வெளியிட்டது 1609இல். விடியுமுன் எழுந்து கோலம் போடுவோருக்கு அவரால் மாதத்தில் ஒரு நாளாவது மிச்சம். யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

'கிட்டே இருந்தால் சுட வேண்டுமே, மார்கழியில் மூணாறுத் தேயிலைமேல் உறைபனி படிவது எங்ஙனம்?' எனின், பருவத்தை ஆள்வது தூரமன்று, பூமியின் 23.4 பாகைச் சாய்வு. 'ஆனியில் பீருமேடு நடுங்குகிறதே' எனின், அது தென்மேற்குப் பருவமழையின் வேலை. சூரியன் எவ்வளவு தூரத்தில் இருந்தாலென்ன, அங்கே அப்போது கண்ணில் படுவதே அரிது.

நம்மவர் இதை அறியாதவர் அல்லர். சூரியன் மிக மெல்ல நகரும் இடத்தை ஆரியபடர் 78 பாகையில், அதாவது ஆனி பதினெட்டு வாக்கில், வைத்துவிட்டார். நீள்வட்டம் இல்லாமல், வட்டத்தின்மேல் சிறுவட்டம் ஏற்றியே கணக்கை ஒப்பேற்றினார்கள். பாலக்காட்டு வழியே இறங்கும் நிளா ஆறு கடல் சேரும் பக்கம், திருக்கண்டியூரில் இருந்த நீலகண்ட சோமயாஜி, 1500ஐ ஒட்டிய காலத்தில் ஐந்து கிரகங்களைச் சூரியனைச் சுற்றவிட்டார். சூரியனை மட்டும் பூமியைச் சுற்றவைத்தார். பாதிக் கிணறு என்று சிரிப்பவர் கவனிக்க: டைக்கோ பிராஹே அதே பாதியை வெளியிட்டது 1588இல்.

ஏழரைச் சனியும் இவ்வியலில் அடங்கும். தூரத்தின் மும்மடி காலத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. பூமியைப் போல் ஒன்பதரை மடங்கு தூரத்தில் இருக்கும் சனிக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 29½ ஆண்டு. ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. எள் விளக்கு ஏற்றுபவர் இவ்விதிக்கும் ஒன்று ஏற்றலாம். ராகு கேதுவுக்கு இங்கே இடமில்லை. அவை நிலவின் பாதை சூரியன் பாதையை வெட்டும் புள்ளிகள் மட்டுமே.

இனி எல்லையியல். தமிழக-கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சாயாக்கடையில் ஒரே சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும்: சிவகாசித் தினத்தாள் ஒன்று, மலையாள மாதத்தாள் ஒன்று. 2023 ஏப்ரல் 14 அன்று முன்னது சித்திரை 1 என்றது. பின்னதில் மீனம் இன்னும் முடியவில்லை. அன்று சூரியன் ராசி மாறும் சங்கராந்தி பிற்பகலில் விழுந்தது. சூரியன் மறையுமுன் விழுந்தால் அன்றே மாதப்பிறப்பு என்பது தமிழ் வழக்கு. உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது பிற்பகல் சுமார் ஒன்றேகால் மணிக்குள், விழுந்தால்தான் அன்று என்பது மலையாள வழக்கு. ஆக மலையாளிகளின் விஷு 15ஆம் தேதி. சூரியன் இரு தரப்புக்கும் ஒன்றே. தகராறு மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றியது.

இதனால் எல்லைவாசிகள் தமிழ்க் கணக்கர், மலையாளக் கணக்கர், இருகணக்கர் என மூவராவர். முதல் நாள் மாங்காய்ப் பச்சடி, மறுநாள் கணியும் கைநீட்டமும் என்போர் இருகணக்கர். குழந்தைகள் அனைவரும் இவ்வகையே.

புறனடை: பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வரும் அண்மைப் புள்ளியும் விண்மீன்களிடையே ஆண்டுக்குச் சுமார் 11.6 விகலை நகர்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் அது தனுசைத் தாண்டி மகரத்துள் புகும். அதன்பின் மிகக் குறுகிய மாதம் என்னும் பட்டம் தைக்குப் போகும். மார்கழிக் கோலத்துக்குக் கிடைக்கும் சலுகையும் உடன் போகும்.