சட்டையைக் கழட்டச் சொன்ன பேராண்டிக்கு

பேராண்டி, நீ எடுக்கப்போறது கலைப்படமாம். அதனால நான் சட்டையைக் கழட்டிட்டு, வெறும் மேலோட திண்ணையில உட்கார்ந்து எங்கேயோ வெறிக்கணுமாம். கேட்டா, ‘மண்ணோட அடையாளம் தாத்தா’ங்கிறே. ரேசன் கார்டுல சட்டை போட்டுத்தான்டா இருக்கேன். அரசாங்கமே ஒத்துக்கிச்சு, உனக்கு மட்டும் என்ன?

2012 கடைசியில மிளகு விலை விசாரிக்கக் கொச்சி போனவன், கூட்டத்தைப் பார்த்து ஆஸ்பின்வால் ஹவுசுக்குள்ள நுழைஞ்சேன். வெள்ளைக்காரன் மிளகு வியாபாரம் பண்ணின இடம். அப்ப அங்கே பியனாலேங்கிற கலைக் கண்காட்சி. அமர் கன்வார்னு ஒரு டெல்லிக்காரர், ஒடிசாவைப் பத்தி ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’னு ஒரு படைப்பு வச்சிருந்தார். அதுல ஒரு படம், ‘தி சீன் ஆஃப் கிரைம்’, 42 நிமிசம். குத்தம் நடந்த இடம்னு பேரை வச்சுட்டு, மனுசன் புல்லைக் காட்டுறார். புல்லு ஆடுது, தண்ணி நெளியுது, மறுபடி புல்லு. பக்கத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டார். அப்புறம்தான் விளங்கிச்சு, காட்டுற இடம் அநேகமாப் பூரா சுரங்கத்துக்கும் ஆலைக்கும் எடுத்துக்கக் குறிச்சு வச்ச பூமி. அது இல்லாமப் போறதுக்கு முந்தியே போய்ச் சாட்சி பிடிச்சுட்டார்.

கூடவே நாட்டு நெல் விதை, இருநூத்துக்கும் மேல ரகம். அதுவும் சாட்சியாம். நமக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் இருந்தாத்தான் நிலம். தாலுகா ஆபீஸ்ல போய் ‘ஐயா, நெல்லு சாட்சி, காத்து சாட்சி’ன்னு சொல்லிப் பாரேன், உட்காரக்கூடச் சொல்ல மாட்டாங்க. எது ஆதாரம்னு சொல்றவன் எவனோ, ஊரும் அவன் சொன்னபடிதான். அந்தக் குசும்பைத்தான் சத்தம் போடாமக் கிளறி விட்டிருந்தார். நீயோ டிரோனை விட்டு என் கோவணத்தைத் தேடுறே.

அதே வருசம் ஜெர்மனியில, காசல் ஊரு டாக்குமென்டா கண்காட்சியிலயும் அவரோட அந்தப் படைப்பை வச்சாங்க. அதோட விடலை, புவனேஸ்வரத்துலயும் திறந்து, ஒடிசாச் சனங்க தங்ககிட்ட இருக்கிற போட்டோ, காகிதம்னு கொண்டாந்து சேர்க்க வழி பண்ணினாங்க.

நீயும் ஜெர்மனிக்கு அனுப்பு, வேண்டாங்கலை. ஆனா முதல்ல மந்தையில வேட்டியைத் திரையாக் கட்டி ஓட்டு. வேட்டி உன் செலவு. படம் முடிஞ்சதும் உன் சித்தி எந்திரிச்சு, ‘மாடி வீட்டை விட்டுட்டு இடிஞ்ச தொழுவத்தை மட்டும் ஏன்டா எடுத்தே?’ம்பா. பதிலை இப்பவே யோசிச்சு வச்சுக்கோ. ராத்திரிச் சோறு உனக்கு அவ வீட்டுலதான்.