மூலபாடமும் இடைச்செருகலும்: பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் இயல்

பாயிரம்

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை செகண்ட் ஹேண்டில் வாங்குவது இசைத்துறை சார்ந்த காரியம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தவறு. அது பதிப்பியலின் ஒரு கிளை. ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்த பதிப்பாசிரியர் எவற்றையெல்லாம் கேட்பாரோ அவற்றையெல்லாம் கிட்டார் வாங்கப் போகிறவரும் கேட்கிறார்: எந்தக் காலத்தது, எது மூலம், எது பின்னால் வந்தவர் சேர்த்தது, இந்த ஓட்டை தானாக விழுந்ததா, யாரேனும் துளைத்ததா. வாசித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில வேளை அது வருவதற்குள் பணம் கைமாறிவிடும்.

எல்லை கூறுவது பாயிர மரபு. கிழக்கே மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ; அங்கே அன்று கிப்ஸன் தொழிற்சாலை. மேற்கே கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன், அங்கே அன்று ஃபெண்டர். இவ்விரண்டிலும் 1950 முதல் 1965 வரை செய்யப்பட்டவையே செவ்வியல் நூல்கள். ஏனைய ஊர்களில் ஏனைய காலங்களில் செய்தவற்றைத் தனிப்பாடல் திரட்டில் சேர்ப்பதே வணிகர் வழக்கு.

காலப் பகுப்பு

லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். இந்த இலக்கியத்தின் ஆதிகவி அவரே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1950-இல் அவர் கனமான ஒரு பலகையில் கம்பி கட்டி, காந்தச் சுருள் (பிக்கப்) பொருத்தி, 'பிராட்காஸ்டர்' என்று பெயரிட்டார். டிரம் செய்யும் கிரெட்ச் கம்பெனி அந்தப் பெயரை ஏற்கெனவே வைத்திருந்ததால் ஆட்சேபித்தது. 1951-இல் தொழிற்சாலைக்காரர்கள் கையிருப்பிலிருந்த ஸ்டிக்கரில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு, 'ஃபெண்டர்' என்ற பகுதியை ஒட்டி அனுப்பினார்கள். 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்து சேரும் வரை இப்படியே நடந்தது. முகப்பேடு சிதைந்த சுவடிக்கு மதிப்புக் குறையும் என்பது நம் ஊர் விதி. இங்கே நேர்மாறு. பெயர் கத்தரிக்கப்பட்ட அந்தச் சில மாதத்துச் சரக்குக்குத்தான் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. விலை 249 டாலர் 50 சென்ட். கிப்ஸன் 1952-இலேயே லெஸ் பால் என்ற வாசிப்பாளரின் பெயரில் ஒரு கிட்டாரை இறக்கியிருந்தது. 1958 முதல் 1960 வரை அதையே நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாகப் பூசி விற்றுப் பார்த்தார்கள். விற்கவில்லை. சுமார் 1,500 செய்ததோடு நிறுத்திவிட்டார்கள். ஓரத்துச் சிவப்புச் சாயமும் வெயில் தாங்காத சாயம். கடைக் கண்ணாடிக்குள் தொங்கியவை வெளுத்து வெறும் மஞ்சளாயின. 1966-இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் இசைத்தட்டில் அந்த ரகக் கிட்டாரை ஆம்ப் அலற வாசித்த பிறகுதான் உலகம் பழைய கடைகளைக் கிளறத் தொடங்கியது. கிளாப்டனின் அந்தக் கிட்டார் அதே ஆண்டு திருட்டுப் போனது; இன்றுவரை அவர் கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டவற்றின் விலை இன்று சில லட்சம் டாலர். வெளுத்தவற்றுக்கு 'லெமன் பர்ஸ்ட்', 'டீ பர்ஸ்ட்' என்று பட்டங்களும் உண்டு. கிப்ஸன் கம்பெனி இப்போது அந்த வெளுத்த நிறத்தையே புதிதாகப் பூசி விற்கிறது.

1965 ஜனவரியில் களப்பிரர் வந்தார்கள். அதாவது சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதன் பிறகு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை பெருத்தது. மெல்லிய பூச்சு போய் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. கழுத்தைப் பிடித்த நான்கு திருகு 1971-இல் மூன்றானது. இருண்ட காலம் என்பது மரபாளர் துணிபு. ஆனால் நம் களப்பிரர் காலத்தைப் போலவே இதுவும் மறுஆய்வுக்கு உரியது. 1969-இல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1968-இல் செய்தது. இருட்டுக்குள்ளும் யாரோ விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். செவ்வியல் காலத்துச் சரக்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகு மூன்று திருகுக் கிட்டாருக்கும் அறிஞர்கள் நயம் கண்டுவிட்டார்கள் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

அகச்சான்று

கிட்டாரின் காலத்தை அதன் வரிசை எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது மாணவர் நிலைக் கருத்து. ஃபெண்டரில் அந்த எண் ஒரு தகட்டில் இருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்ட நான்கு திருகைச் சுழற்றினால் போதும். கிப்ஸன் 1960-களில் ஒரே எண்ணைப் பல ஆண்டுகளில் பல கிட்டார்களுக்கு இட்டது. ஆகவே ஆய்வாளர் ஸ்க்ரூடிரைவரோடு புறப்படுகிறார்.

ஃபெண்டரின் கழுத்தைக் கழற்றினால் அடியில், உடலுக்குள் மறையும் இடத்தில், தொழிலாளி பென்சிலால் எழுதிய தேதி இருக்கும். 1962 முதல் முத்திரை. இது கழுத்து செய்த தேதி. கிட்டார் கோத்த தேதி அல்ல. அடுத்து, வால்யூம் திருகுக்கு அடியிலுள்ள சிறு உலோகப் பெட்டி. 'பாட்' என்பார்கள். அதன் முதுகில் ஒரு வரிசை எண்கள். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்தவை ஆண்டும் வாரமும். 1376633 என்று கண்டால் சி.டி.எஸ். கம்பெனி, 1966, முப்பத்து மூன்றாம் வாரம் என்று படிக்க வேண்டும். கோயில் சுவரில் ஆட்சியாண்டு படிப்பவர்கூட வாரக் கணக்குக்குப் போனதில்லை.

இவ்வளவு துல்லியமான சான்று எதை நிறுவுகிறது? கிட்டார் அந்த வாரத்துக்கு முற்பட்டதன்று என்பதை மட்டும். 1966-இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. 1969 வரை அந்த மூட்டை தீரவில்லை. பாட் 1966 என்பதால் கிட்டாரும் 1966 என்று வாதிடும் விற்பனையாளரிடம் கோபப்பட வேண்டாம். நம் இலக்கிய வரலாற்றில் இதைவிட மெலிந்த சான்றின் மேல் நூற்றாண்டுகளே நிற்கின்றன.

கிப்ஸனுக்கு வருவோம். சேத் லவர் என்ற பொறியாளர், மின் இரைச்சலைக் கொல்லும் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். காப்புரிமைக்கு 1955-இல் விண்ணப்பம், கிடைத்தது 1959-இல். இடைக்காலத்தில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஒரு சின்னக் கறுப்பு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் உள்ளதற்கே 'பி.ஏ.எஃப்.' என்று பெயர்; தனியாக விற்றாலே ஆயிரக்கணக்கான டாலர். காப்புரிமை கிடைத்த பின்னும் சில ஆண்டு அதே ஸ்டிக்கரை ஒட்டினார்கள். பிறகு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வந்தது: 2,737,842. அந்த எண் இந்த பிக்கப்புக்கு உரியதே அல்ல. லெஸ் பாலின் கம்பி தாங்கும் உறுப்புக்குக் கிடைத்த காப்புரிமை எண் அது. நகலெடுப்பவரைத் திசை திருப்பவே அப்படிச் செய்தார்கள் என்பாரும் உளர். அலுவலகக் குளறுபடி என்பாரும் உளர். மெய்க்கீர்த்தியைப் படித்து நம்பிய அனுபவமுள்ள நமக்கு இதில் வியப்பில்லை.

இந்த பிக்கப்பின் உலோக மூடிக்குள் இரண்டு சுருள்களும் கறுப்பா, வெண்ணெய் நிறமா, ஆளுக்கொன்றா என்பதில் விலை ஏறி இறங்கும். ஒலியில் நிறத்துக்குப் பங்கில்லை. நிறத்தைப் பார்க்க மூடியைக் கழற்ற வேண்டும். கழற்ற, சால்டர் பற்றை உருக்க வேண்டும். தொழிற்சாலையில் வைத்த சால்டர் உருகினால் மூலபாடம் சிதைந்தது, விலை விழுந்தது. ஒட்டிய உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் கடிதத்தைப் படித்துச் சொல் என்பதுதான் இது. ஆகவே மூடியவாறே, உள்ளே இருப்பதாக நம்பப்படும் நிறத்துக்கு விலை பேசுகிறார்கள்.

இடைச்செருகல்

ஒரு பாகம் மாறியிருந்தால் ஒரு தள்ளுபடி. முறுக்காணி மாறியிருந்தால் சிறிது. பிக்கப் மாறியிருந்தால் நிறைய. முழுதும் மறுபூச்சு பூசியிருந்தால் பாதி விலை. தலை ஒடிந்து ஒட்டியிருந்தாலும் பாதி. இரண்டும் சேர்ந்தால் கால் விலை என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால் விற்பவர் வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

தலை ஒடிவது கிப்ஸனின் பிறவிக் குணம். கழுத்திலிருந்து தலை 17 பாகை பின்னால் சாயும், மரம் மஹோகனி, மிகப் பலவீனமான இடத்தில்தான் கழுத்துக்குள் ஓடும் இரும்பின் (ட்ரஸ் ராட்) திருகுக்காகக் குழி வெட்டியிருக்கிறார்கள். சுவரில் சாய்த்த கிட்டார் சரிந்தால் போதும். இது கம்பெனிக்குத் தெரியாதா? தெரிந்தது. 1960-களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்தார்கள். பிறகு அந்த இடத்துக்குப் பின்னால் வலுவுக்காக ஒரு முடிச்சு விட்டுச் செதுக்கினார்கள். சேகரிப்பாளர்கள் இரண்டையும் குற்றம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். இவ்வியலின் தலையாய விதி இங்கேதான் வெளிப்படுகிறது: திருத்தம் எதுவாயினும் இழுக்கு, பிழை மூலத்தில் இருந்தால் அழகு.

மர ஆராய்ச்சியில் நமக்கும் ஒரு மனக்குறை உண்டு. பழைய கிட்டார்கள் பலவற்றின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1960-களின் இறுதியில் பிரேசில் அந்த மரத்துண்டுகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவும், 1969-இல் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது; மற்றவர்களும் மாறினார்கள். அது வேறொன்றுமில்லை, நீலகிரியிலும் ஆனைமலையிலும் வளரும் நம் ஈட்டி மரம். அன்று முதல் 'பிரேசில்' என்றால் விலை மேலே, 'இந்தியன்' என்றால் கீழே. ஈட்டியில் செய்த கட்டிலில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய ஊர்க்காரர்கள் இதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிரேசில் மரத்துக்கு வேறொரு வில்லங்கமும் உண்டு: 1992 முதல் அது அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கிட்டாரை நாடு கடத்தினால் சுங்கத்துறை எடுத்து வைத்துக்கொள்ளும்.

போலிச் சுவடிகள்

1952 முதல் 1957 வரை வந்த லெஸ் பால்களில் பொன்னிறத்தவை உண்டு. அவற்றின் பொன்னைச் சுரண்டி, மஞ்சளும் சிவப்பும் பூசி, 1959 என்று காட்டுவது ஏட்டை அழித்து மேலெழுதும் கலை. புற ஊதா விளக்கில் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மங்கிய பச்சையாக ஒளிரும். புதிதாகப் பூசிய இடம் இருண்டிருக்கும். இருட்டறையில் விளக்கோடு குனிந்து கிடக்கும் கனவான்களைக் கண்டால் அச்சப்பட வேண்டாம், கிட்டார் வாங்குகிறார்கள்.

இதனினும் நுட்பமானது, ஒளிவுமறைவில்லாத போலி. 1995-இல் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 'ரெலிக்' என்ற வரிசையை அறிமுகம் செய்தது: புதுக் கிட்டார், தொழிற்சாலையிலேயே தேய்த்து, கீறி, துருவேற்றி அனுப்பப்படும். கிப்ஸன் 2021-இல் 'மர்ஃபி லேப்' என்று தொடங்கியது. அங்கே லேசான அடி, பலத்த அடி, மிகப் பலத்த அடி என்று படிநிலைகள் உண்டு. அடி கூடக் கூட விலையும் கூடும். பழைய கிட்டாரில் கீறல் என்று சொல்லித் தள்ளுபடி கேட்பவர் இந்த விலைப்பட்டியலை விற்பவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது நல்லது.

எழுபதுகளின் ஜப்பான் நகல்களைப் பற்றி ஒரு வரி. 1977-இல் கிப்ஸனின் தாய் நிறுவனம், ஐபனெஸ் கிட்டார்களை விற்றவர்கள்மீது தலை வடிவத்தை நகலெடுத்ததாக வழக்குப் போட்டது, சமரசத்தில் முடிந்தது. அன்று முதல் அந்தப் பத்தாண்டில் ஜப்பானில் செய்த எந்தக் கிட்டாரும் 'லாசூட் கிட்டார்' என்றே விற்கப்படுகிறது. வழக்கு ஒன்று, பிரதிவாதிகள் பல்லாயிரம்.

பரபக்கம்

மூலபாடமே உயர்வு என்ற கோட்பாட்டுக்கு இரண்டு மறுப்புகள் உள்ளன, இரண்டும் பலமானவை.

1970-இல் கிளாப்டன் நாஷ்வில் கடையொன்றில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கினார். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்குக் கொடுத்தார். மிஞ்சிய மூன்றைப் பிரித்துப் போட்டு, ஒன்றின் உடல், ஒன்றின் கழுத்து என்று நல்லதைப் பொறுக்கி ஒன்றாக்கினார். அதுதான் 'பிளாக்கி'. பதிப்பியல் நோக்கில் அது கதம்பம். ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் பாட ஒற்றுமை கிடையாது. 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது.

அடுத்தவர் அயர்லாந்தின் ரோரி கல்லகர். 1963-இல், பதினைந்து வயதில், கார்க் நகரத்துக் கடையொன்றில் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை 100 பவுண்டுக்கு வாங்கினார். அது செகண்ட் ஹேண்ட். முதலில் வரவழைத்தவர் சிவப்பு நிறம் கேட்டிருந்தார், சன்பர்ஸ்ட் வந்துவிட்டது, சிவப்பு வந்து சேர்ந்ததும் இதை விற்றுவிட்டார். கல்லகர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. திருட்டுப் போய், மழையில் நனைந்து கிடந்து மீண்டது. மேடை வியர்வையில் பூச்சு உரிந்து உரிந்து, கடைசியில் மரம்தான் பாக்கி. ஆறு முறுக்காணிகளில் ஒன்று வேறு ஜாதி. மேலே சொன்ன தள்ளுபடிகளையெல்லாம் போட்டால் கடைக்காரர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். 2024 அக்டோபரில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அது 8,89,400 பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர்கள் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

புகழ் பெற்றவர் கைப்பட்டதால் வந்த விலை என்று மரபாளர் விடை கூறுவர். உண்மைதான். ஆனால் அந்தப் புகழ் எந்தக் கிட்டாரை வாசித்து வந்தது என்று திருப்பிக் கேட்டால் அவர்களிடம் உரை இல்லை.

முடிபு

ஆகவே வாசிப்பதற்காக வாங்குகிறவர் இடைச்செருகல் உள்ள பிரதியையே தேடுக. மறுபூச்சு பூசியது, முறுக்காணி மாறியது, தலை ஒடிந்து நல்ல கைகாரர் ஒட்டியது: மூலபாடக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கும் இவைதான் பாதி விலைக்கு வரும். நன்றாக ஒட்டிய தலை அதே இடத்தில் மறுபடி எளிதில் ஒடியாது. பாட்டின் முதுகில் என்ன எண் இருந்தால் உங்களுக்கென்ன? கழுத்தை ஒரு கண்ணால் நெடுக நோக்கி முறுக்கல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் விரல் வைத்து ஒலி எழுப்பிப் பாருங்கள். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடின் திருகு இரு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள். அது மட்டும் இறுகிக் கிடந்தால், எந்த ஆண்டுக் கிட்டாராக இருந்தாலும், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.