டயர்ப் பெயர்ச்சி

குருபகவான் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை ராசி விட்டு ராசி போகிறார் என்பதையும், சனிபகவான் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை போகிறார் என்பதையும், அதற்கென்று பஞ்சாங்கம் பார்த்துக் காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாற்றுக்குப் போய் நளதீர்த்தத்தில் முழுகி வரவேண்டும் என்பதையும் ஐயந்திரிபற அறிந்திருக்கும் எங்கள் பண்டசோழநல்லூர் மகாஜனங்களுள், தத்தம் வாசலில் நிற்கும் காருக்கும் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு பெயர்ச்சி உண்டு என்பதை அறிந்தவர் மிகச் சொற்பம். கிரகங்கள் தாமாகவே நகர்ந்துவிடுகின்றன. டயர்களை நாம்தான் குனிந்து நகர்த்தியாக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தினாலேயே ஜோதிஷ சாஸ்திரம் செழித்தோங்க, டயர் சாஸ்திரம் க்ஷீணித்துப் போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

சாஸ்திரத்தின் காரணம் எளிது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது முதலாக, நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினும் முன்னால், அது சுழற்றும் சக்கரங்களும் முன்னால் என்று ஆகிவிட்டபடியால், எஞ்சினின் கனத்தைச் சுமப்பதும், வண்டியை இழுப்பதும், வளைவில் திரும்புவதும், பிரேக் மிதிக்கையில் முன்னே வந்து விழும் பாரத்தைத் தாங்குவதும் ஆகிய சகல உத்தியோகங்களும் முன்சக்கரங்கள் இரண்டின் தலையிலேயே விழுகின்றன. பின்சக்கரங்களோ பேருக்குக் கொஞ்சம் பிரேக் பிடித்துக்கொண்டு உடன் வருகின்றன. அதிலும், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குள் புகுந்து இந்திரா காந்தி சதுக்கத்தைப் பிரதட்சிணமாகச் சுற்றித் திரும்புகிறவர்களின் வண்டி அவ்வளவு பாரத்தையும் இடப்புறமாகச் சாய்க்கிறபடியால், இடது முன்சக்கரத்தின் வெளியோரம் படும் பாடு சொல்லி முடியாது. இந்த அநீதியை நிவர்த்திக்கும் பொருட்டு, இடங்களை முறைவைத்து மாற்றிக் கொடுப்பதே டயர்ப் பெயர்ச்சி.

இதை நான் எங்கள் நெற்களத்தில் ஜாக்கியும் கையுமாக ஆரம்பித்தபோது முதல் ஆட்சேபம் என் பெரியப்பாவிடமிருந்து வந்தது. 1954-இல் நெட்டப்பாக்கத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய செய்தி எங்கள் தெருவுக்கு வந்ததைத் தம் தகப்பனார் தோளில் உட்கார்ந்து கேட்டவராதலால், இந்தப் பிராந்தியத்தில் எது மாறினாலும் அது தம்முடைய சம்மதத்துடன் மாறவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

"இன்னாப்பா, டயரு பஞ்சரா?"

"இல்லை பெரியப்பா, நன்றாகத்தான் இருக்கிறது."

"நல்லா இருக்கறத ஏன் கழட்டற?"

இடம் வலம் மாற்றப் போவதாகச் சொன்னேன். அவர் துண்டை உதறிக் களத்து மேட்டில் விரித்து உட்கார்ந்துகொண்டார். "இடத்து மாட்டப் புடிச்சி வலத்துல பூட்டினா நடக்குமா? ஏரையும் இழுத்துக்கினு வரப்புல போயி நிக்கும். டயருக்கு மட்டும் வேற நியாயமா? நம்ம வில்லியனூர்த் தேரு இத்தினி வருஷமா ஓடுது, எவனாவது சக்கரத்த மாத்திப் போட்டானா?"

பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டுக் கவர்னரே வந்து வடம் பிடிக்கும் திருக்காமீசுவரர் தேரை ஒரு வாதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் எதிர்வாதம் புரிவது சுலபமன்று. ஆயினும், அந்தத் தேர் ஆண்டுக்கு ஒருநாள் மாடவீதி சுற்றுவதோடு ஓய்வெடுத்துக்கொள்கிறது என்றும், நாலு முனையிலும் வலப்புறமாகவே திரும்புவதால் அதற்கும் இடப்பக்கத்துச் சக்கரங்களே அதிக தூரம் உருள்கின்றன என்றும் விண்ணப்பித்துக்கொண்டேன். பெரியப்பா சிறிது யோசித்தார். பிறகு, தடுக்க முடியாத காரியத்தை மேற்பார்வை செய்வதே பெரியவர்களுக்கு அழகு என்று தீர்மானித்தவர்போல, "சரி, மாத்தறதுன்னா மொறையா மாத்து. பின்னால இருக்கறது ரெண்டும் நேரா முன்னால வரணும். முன்னால இருக்கறது குறுக்கால பின்னால போவணும். என் அம்பாசிடருக்கு அப்படித்தான்" என்றார்.

அம்பாசிடருக்கு அது முற்றிலும் சரி. உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அந்த மகாரதத்தில் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளின. முன்சக்கரம் இழுக்கும் என் வண்டிக்கோ, முன்னவை இரண்டும் நேராகப் பின்னே போக, பின்னவை இரண்டும் குறுக்கே முன்னே வரவேண்டும். இரண்டையும் களத்து மண்ணில் குச்சியால் கோடிட்டுப் பார்த்தபோது, ஒன்று மற்றதன் வக்கிர கதி என்பது புலப்பட்டது: அம்பாசிடர் டயர் வந்த வழியே மாருதி டயர் திரும்பிப் போகிறது. எந்தக் கதியில் போனாலும், நாலு பெயர்ச்சியில் ஒவ்வொரு டயரும் நாலு வீட்டையும் பார்த்துவிட்டுத் தன் வீடு திரும்பிவிடும். அதற்குள் 40,000 கிலோமீட்டர் ஆகிவிடுமாதலால், பெரும்பாலும் காசிக்குப் போய்வந்த கிழவராகவே திரும்பும். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர்களுக்கு மட்டும் இந்தக் குறுக்கு யாத்திரை விலக்கு. அவை ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும்தான் மாறலாம்.

ஒர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றினால் நாலு சக்கரமும் ஒருங்கே அந்தரத்தில் நிற்கும். ஒற்றை ஜாக்கி வைத்திருக்கும் கிருகஸ்தனுக்குச் சகாயம் ஸ்டெப்னிதான். ராகு கேதுக்களைப்போல் சொந்த வீடு இல்லாத அதனை முதலில் இடது முன்புறத்தில் குடிவைக்க வேண்டும். அங்கிருந்து கழன்ற டயர் இடது பின்புறத்துக்கும், அங்கிருந்தது வலது முன்புறத்துக்கும், அங்கிருந்தது வலது பின்புறத்துக்கும், அங்கிருந்தது ஸ்டெப்னியை வெளியேற்றிவிட்டு இடது முன்புறத்துக்கும் போய்ச் சேரும். ஜாக்கி ஐந்து முறை ஏறி இறங்கவேண்டும், முதுகும் அவ்வாறே. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்ச்சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் நட்டோடு சக்கரமும் சுற்றும். மாட்டும்போது ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முடுக்கி, தரையில் இறக்கியபின் பலங்கொண்ட மட்டும் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்ப்பது உத்தமம். முன்னுக்கும் பின்னுக்கும் காற்றளவு வேறானால் அதையும் திருத்தவேண்டும்.

இவ்வளவும் முடிந்து, நாலும் இனி ஒருசேரத் தேயும் என்று வீட்டில் பெருமையுடன் அறிவித்தேன். என் சகதர்மிணி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நாலும் ஒண்ணாத் தேயுமா?"

"ஆமாம், பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும் நாலையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம்."

"அப்போ நாலுக்கும் ஒரே நாள்ல பணம் வேணும். இப்போன்னா ரெண்டு ரெண்டா வாங்கலாம். கரும்புப் பணம் எப்போ வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மோட்டார் உலகின் எந்தக் கைப்புத்தகமும் இந்தக் கோணத்தை ஆராய்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. டயரின் மொத்த ஆயுள் நீளும், மழையில் பிடிமானம் சமமாக இருக்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியாக, மற்ற நாலின் அளவே உள்ள ஸ்டெப்னியையும் அடுத்த பெயர்ச்சியில் சேர்த்துக்கொண்டால் வேலை ஐந்துக்கும் பங்காகி இன்னும் மெதுவாகத் தேயும் என்ற பிரம்மாஸ்திரத்தை விடுத்தேன்.

"அப்போ அஞ்சுக்கும் ஒரே நாள்லயா?" என்றாள்.

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.