நான்காம் வேற்றுமையும் கருத்தடையும்: ‘எம்பாரஸ்ட்’ குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘எம்பாரஸ்ட்’ என்றால் கூச்சத்தில் நெளிபவர். ஏறத்தாழ அதே முகஜாடையில் ஸ்பானிய மொழியில் உலவும் ‘எம்பராசாதா’ என்றால் பிள்ளைத்தாய்ச்சி. இரண்டும் ஒன்றே என்று நம்பி மாட்ரிட் முதல் மெக்சிகோ நகரம் வரை அந்நிய மாணவர்கள், ஆண்கள் உட்பட, வாய்வழியே கருவுற்று வருகின்றனர். பழியை எல்லோரும் அகராதியின் தலையில் போடுகிறார்கள். குற்றவாளி வேற்றுமை உருபே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் குலமுறை

இரு சொற்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஸ்பானிய ‘எம்பராசார்’ என்னும் வினைக்கு ஆதியில் வழிமறித்தல், இடைஞ்சல் செய்தல் என்றுதான் பொருள். அது பிரெஞ்சுக்குப் போய், அங்கே சில காலம் தங்கி, பிறகு இங்கிலாந்தில் கரையேறியது. ஆங்கிலத்தில் அதை முதன்முதலில் எழுதிவைத்தவராக அறியப்படுபவர் சாமுவேல் பீப்ஸ், ஆண்டு 1664. லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த பீப்ஸ், 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். வெளியே சொல்லக் கூசும் சரச சமாச்சாரங்கள் வந்தால் சுருக்கெழுத்தும் போதாதென்று ஸ்பானியம், பிரெஞ்சு, லத்தீன் எல்லாம் கலந்த ஒரு கிச்சடிப் பாஷைக்குத் தாவிவிடுவார். பிற்காலத்தில் கூச்சத்தைச் சுமக்கப்போகும் சொல்லை ஸ்பானியம் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. கூசத்தக்க சேதிகளை ஆங்கிலேயர் ஸ்பானியத்தில் போட்டுவைத்தார். கணக்கு நேர்.

இங்கிலாந்து போன இடைஞ்சல் மெல்ல மனத்துக்குள் ஏறிக் கூச்சமாயிற்று. ஸ்பெயினிலேயே தங்கிய இடைஞ்சல் வயிற்றுக்கு இறங்கியது. 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி ‘எம்பராசோ’ என்பதற்கு இடையூறு, கர்ப்பம், பழகுவதில் தடுமாற்றம் என்று மூன்றையும் இன்றும் தருகிறது. சங்கடமான சூழ்நிலையை ‘எம்பராசோசா’ என்பதும் நல்ல ஸ்பானியமே. அச்சூழ்நிலையில் மாட்டிக்கொண்டவர் மட்டும் தம்மை அவ்வாறு வர்ணித்துக்கொள்ளலாகாது.

2. சோதனை

மாட்ரிட்டில் ஒரு வீட்டு விருந்து என்று கொள்க. ஆங்கிலவழியில் ஸ்பானியம் படித்த இளைஞன் ஒருவன் வெள்ளை மேசைவிரிப்பில் சிவப்பு ஒயினைக் கொட்டிவிடுகிறான். அசடு வழிய எழுந்து நிற்கிறான். ‘ஐ ஆம் எம்பாரஸ்ட்’ என்று மனத்தில் ஓடுகிறது. ‘ஐ ஆம்’ என்பதற்கு ‘எஸ்தோய்’ தெரியும்; அடுத்த சொல்லும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இலக்கணத்தில் கெட்டிக்காரன் ஆகையால், தான் ஆண் என்பதை மறவாமல் ஈற்றை ஆண்பாலாக்கி, ‘எஸ்தோய் எம்பராசாதோ’ என்கிறான். வீட்டுப் பாட்டி துடைப்புத் துணியைக் கீழே வைத்துவிட்டு அவன் வயிற்றைப் பார்க்கிறார். பால் விகுதியில் பிழையில்லை, பாலில்தான் பிழை.

இங்கே நோக்கத்தக்கது, ‘எஸ்தோய்’ என்று அவன் வாயெடுத்தபோதே கரு தரித்துவிட்டது என்பது. அவ்வீட்டார் இவ்விடத்தில் ‘மே தா பெர்குவென்சா’ என்பார்கள்: எனக்கு வெட்கத்தைத் தருகிறது. ‘எஸ்தோய் அபெர்கொன்சாதோ’ என்று முதல் வேற்றுமையிலேயே கௌரவமாகக் கூசுவதற்கும் ஸ்பானியத்தில் வழியுண்டு. இது நம் கருதுகோளுக்கு ஒத்துவராததால் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

3. கொடைப் பொருள்

நன்னூலார் நான்காம் வேற்றுமையின் ‘கு’ உருபுக்குரிய பொருள்களை அடுக்குகையில் கொடையை முதலிலும் பகையை அடுத்தும் வைத்தார். கூச்சம் இரண்டுமாகும்: கேளாமல் தரப்படுவது, வாங்கியவருக்கு ஆகாதது. தமிழரும் ‘எனக்குக் கூச்சமாக இருக்கிறது’ என்றே சொல்கிறோம். நமக்குப் பசிக்கிறது, குளிர்கிறது, கோபம் வருகிறது. வந்தது போய்விடும், நாம் நாமாகவே இருப்போம். ஆங்கிலேயரோ ‘ஐ ஆம்’ என்று தாமே அதுவாகிவிடுகின்றனர்.

தரப்படும் சரக்கு ஊருக்கு ஊர் வேறு. ஸ்பெயினில் ‘கோர்த்தே’, அதாவது வெட்டு. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் ‘பெனா’. இதே ‘பெனா’ ஸ்பெயினில் துக்கம். மெக்சிகோ விருந்தாளி இன்னொரு கரண்டி கேட்கக் கூசி ‘மே தா பெனா’ என்றால், மாட்ரிட்காரர் யார் தவறிப்போனார் என்று விசாரிக்கக்கூடும். மானம் கப்பலேறும் அளவுக்குப் போனால் மெக்சிகோவில் ‘கே ஓசோ’ என்பார்கள்: என்ன ஒரு கரடி! ‘போச்சோர்னோ’ என்பது கோடைப் புழுக்கம். முகம் கொதிக்கும் வெட்கத்துக்கும் அதுவே பெயர். 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி நூல் எழுதிய டார்வின், முகம் சிவப்பதற்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, உணர்ச்சிக் குறிகளில் மனிதத்தன்மை மிகுந்தது அதுவே என்றார். மெக்சிகோக் கரடியை அவர் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது ‘பெர்குவென்சா அஹேனா’, அயலார் வெட்கம். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் நண்பர் சுருதி சேராமல் மூன்றாவது பாட்டைத் தொடங்குகிறார். நாம் இலையையே பார்த்துக்கொண்டு அதில் இல்லாத அப்பளத்தைத் தேடுகிறோம். கொடுப்பவரிடம் துளியும் இல்லாமல் வாங்குபவரிடம் நிரம்பி வழியும் கொடை உலகில் இது ஒன்றே.

4. முடிவும் பரிந்துரையும்

ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்கும் தமிழர், விமானம் ஏறுமுன் ‘நான்’ என்பதை வீட்டில் விட்டுவிட்டு ‘எனக்கு’ என்பதை எடுத்துச் செல்க. செலவில்லாத, பக்கவிளைவற்ற, ஆண்களும் கைக்கொள்ளத்தக்க ஒரே கருத்தடை முறை நான்காம் வேற்றுமைதான்.

உண்மையிலேயே கருவுற்றிருக்கும் பெண்கள் ‘எஸ்தோய் எம்பராசாதா’ என்று தாராளமாகச் சொல்லலாம். பக்கத்தில் அரைகுறை ஸ்பானியம் தெரிந்த ஆங்கிலேயர் யாராவது இருந்தால், இதற்கெல்லாமா கூச்சப்படுவது என்று தேற்றுவார்; பொறுத்துக்கொள்க.