எக்ஸ் சார்

ஊருக்கு ஒரு ஜோசியர் மாதிரி ஒரு டிக்‌ஷனரி சாரும் இருப்பார். கீழப்பழுவூர்க்காரரை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பார்க்கலாம். ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சட்டைப்பையில் நாலு பேனா, கக்கத்தில் அட்டை கிழிந்த அகராதி. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே உட்கார்ந்து, வருவோர் போவோருக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மற்ற ஊர் டிக்‌ஷனரி சார்கள் இருபத்தாறு எழுத்தையும் கட்டி மேய்ப்பவர்கள். இவருக்கு எக்ஸ் ஒன்று போதும். விவரமான ஆள்! அகராதியில் எஸ்ஸைப் படித்து முடிக்க ஆயுசு காணாது. எக்ஸோ டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். 1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், எக்ஸில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லே கிடையாது என்று கையை விரித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள்தான் பெரும்பாலும் கிரேக்கத்தில் கடன் வாங்கி அந்தப் பக்கத்தை நிரப்பினார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ட சொல்லுக்கு முதலில் வராது என்று நம் இலக்கணமும்தான் சொல்கிறது; டீ குடிக்காமலா இருக்கிறோம்?

2018-இல் சசி தரூர் 29 எழுத்துச் சொல் ஒன்றை ட்விட்டரில் போட்டு நாட்டையே அகராதி புரட்ட வைத்தார். சார் அசரவில்லை. "எஃப்ல தொடங்குது தம்பி, நம்ம செக்‌ஷன் இல்ல."

டீக்கடை பெஞ்சைக் கரையான் அரித்திருந்தது. சார் குனிந்து பார்த்து, "ஸைலோஃபகஸ்! மரம் தின்னி!" என்றார். "பேரு என்னவா வேணா இருக்கட்டும் சார், மருந்தடிச்சாத்தான் போகும்" என்றார் கடைக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஸைஃபாய்டு கிட்ட வலிக்குது" என்பார். நர்ஸம்மா நிமிராமலே, "நெஞ்சுக்குழியா சார்?" என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார்.

வீட்டில்தான் பாச்சா பலிக்கவில்லை. மனைவி பெயர் சாந்தி. அவரை "ஸாந்திப்பி, ஸாந்திப்பி" என்று கூப்பிட்டுவந்தார். அந்த அம்மாளும் செல்லப் பெயர் என்றே பூரித்திருந்தார். ஸாந்திப்பி சாக்ரடீஸின் மனைவி என்பதையும், சிடுசிடுக்கும் பெண்டாட்டிகளுக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயராகிவிட்டதையும் பேத்தி செல்போனில் பார்த்துப் போட்டுக்கொடுத்துவிட்டாள். வீட்டில் காபி நின்றது. டீக்கடைக்கு வந்தவர், "ஸெரோஸ்டோமியா" என்று முனகினார். நா வறட்சியாம்.

பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஒருநாள், "பழுன்னா என்ன சார்?" என்று கேட்டான். பழு என்றால் ஆலமரம்; ஊர்க் கோயிலே ஆலந்துறையார் கோயில்தான். சார் அகராதியை மூடினார். "அது தமிழ்ல இல்ல இருக்கு? தமிழய்யாவைக் கேளு."

கீழப்பழுவூரில் நீங்கள் பஸ் மாற நேர்ந்தால், தாராளமாக அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் ஜெராக்ஸ் கடை எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1938-இல் நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் பிரதியில் ஆரம்பிப்பார். உங்கள் பஸ் போய்விடும். டீக்காசும் உங்கள் தலையில்தான்.