பிரியாணிக்குப் பிறகு மியூசியம் கிடையாது

ஹைதராபாத் போவதென்று முடிவானதும் மாமியார் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “வெள்ளிக்கிழமை ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளே” என்றார். கிரகங்களுக்கு நல்லா இருக்கலாம், ஹைதராபாத்துக்குச் சரிப்படாது. சாலர் ஜங் மியூசியம், சௌமஹல்லா அரண்மனை, நிஜாம் மியூசியம் மூன்றுக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். டெல்லி தேசிய அருங்காட்சியகமும் கொல்கத்தா இந்தியன் மியூசியமும் திங்கட்கிழமை கதவைச் சாத்தும். நம் எழும்பூரும் ஹைதராபாத்தும் வெள்ளிக்கிழமைக் கட்சி.

இதை மாமியாரிடம் சொல்ல முடியாது. நல்ல நாளில் கதவைப் பூட்டிக்கொள்கிற ஊருக்கு நமக்கென்ன வேலை என்று பயணத்தையே ரத்து செய்துவிடுவார். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். “பஞ்சாங்கம் கிளம்பறதுக்குத்தானே நாள் சொல்லுது? போய்ச் சேர்றதுக்கு இல்லையே. வெள்ளிக்கிழமை சாயந்தரம் சார்மினார் எக்ஸ்பிரஸ்ல ஏறினா சனிக்கிழமை காலையில இறங்கிடலாம்.” நவகிரகங்களுக்கும் மியூசிய நிர்வாகத்துக்கும் ஒரே வாக்கியத்தில் சமாதானம் செய்துவைத்தவள், வீட்டில் ரிமோட்டுக்காக மகளோடு போடுகிற சண்டையை மட்டும் இன்னும் தீர்க்கவில்லை.

அடுத்து மச்சினன் வந்தான். லேப்டாப்போடு வந்தான். அவன் எக்ஸெல்லைத் திறந்துவிட்டால் அந்தப் பயணத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது. மியூசியத்துக்கு நீலம், சாப்பாட்டுக்கு ஆரஞ்சு, ஆட்டோவுக்குச் சாம்பல் நிறம் என்று கட்டம் கட்டமாகப் பூசி வைத்திருந்தான். சனிக்கிழமை 10 முதல் 11 வரை சாலர் ஜங். 11.15-க்கு சார்மினார். 12-க்கு லாட் பஜார். 12.30-க்கு பிரியாணி. 1.30-க்கு சௌமஹல்லா. 3 மணிக்கு கோல்கொண்டா கோட்டை. தண்ணீர் குடிக்கிற நேரம் எங்கே என்று தேடினேன். அதை ஆட்டோவில் முடித்துக்கொள்ள வேண்டுமாம்.

“சாலர் ஜங்ல கிட்டத்தட்ட 40 காட்சிக்கூடம் இருக்குப்பா. ஒரு மணி நேரம்னா கூடத்துக்கு ஒன்றரை நிமிஷம்தான் வருது.”

“போதும் அத்தான். போட்டோ எடுத்துக்கிட்டா வீட்ல வந்து நிதானமாப் பார்த்துக்கலாம்.”

வீட்டில் பார்ப்பதற்கு ஹைதராபாத் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மனைவியின் தம்பியிடம் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. அதைவிட, எனக்கு அவனுடைய அட்டவணையில் இருந்த தகராறே வேறு. 12.30-க்கு பிரியாணி என்று எழுதிய கை, 1.30-க்கு அரண்மனை என்று எப்படி எழுதியது?

ஊர் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். இங்கிருந்து அங்கே எத்தனை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எவ்வளவு, நடந்தால் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். நடக்கிறவர் வயிற்றில் அந்த நேரம் என்ன இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஹைதராபாத் பிரியாணி ஒரு மணி நேரக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு வழிவிடுகிற சாப்பாடு அல்ல. கச்சி முறையில் பச்சைக் கறியைத் தயிரிலும் மசாலாவிலும் ஊற வைத்துப் பாத்திரத்தின் அடியில் பரப்புகிறார்கள். அரைவேக்காட்டு பாஸ்மதி அரிசியை அதன்மேல் கொட்டி, மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவை அப்பி, தம்மில் போடுகிறார்கள். ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. சாப்பிட்டு எழுந்தவரின் நிலைமையும் அதுதான். அங்கே ‘சிங்கிள்’ என்று சொன்னால் வருவதில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கூடவே மிர்ச்சி கா சாலன், தயிர்ச் சட்னி. கடைசியில் குபானி கா மீட்டா என்று சர்க்கரைப் பாகில் வேகவைத்த ஆப்ரிகாட்டை வைப்பார்கள். அதன்மேல் கிரீம். மறுக்க மனம் வராது.

முன்பு அலுவலக வேலையாகப் போயிருந்தபோது, இப்படி முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு சாலர் ஜங்குக்குள் நுழைந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எங்கள் அதிகாரி ஒருவர் சீனப் பீங்கான் கூடத்தில் ஒரு ஜாடிக்கு முன் வெகுநேரம் கை கட்டி நின்றார். இவருக்கு மிங் வம்சத்தில் இவ்வளவு ஈடுபாடா என்று வியந்து அருகில் போனேன். குறட்டை வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கூடத்துக்குக் கூடம் போனது சிற்பத்தைப் பார்க்க அல்ல, எங்கே பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க.

ஆகவே நான் சட்டம் இயற்றினேன். பிரியாணிக்குப் பிறகு மியூசியம் கிடையாது. மியூசியத்துக்குப் பிறகு பிரியாணி உண்டு. மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே ஆரஞ்சுக் கட்டத்தை இழுத்துக் கீழே விட்டான்.

சனிக்கிழமைக் காலைக்கு இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் போதும். டிகாக்‌ஷனைத் தனியே தம்மில் வைத்து, பாலைத் தனியே சுண்டக் காய்ச்சி, கேட்கும்போது இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். கெட்டியாக, இனிப்பாக இருக்கும். இனிப்பும் லேசான உப்புமாக இருக்கும் அந்த பிஸ்கட்டை அதில் முக்கும்போது கவனம் வேண்டும். ஒரு விநாடி கூடுதலாக வைத்தால் பாதி பிஸ்கட் கோப்பையில் தங்கிவிடும். “டீ சரி, ஃபில்டர் காபி கிடைக்குமா?” என்றார் மாமியார். கிடைக்கும், ஆனால் இதற்காகவா ராத்திரி முழுக்க ரயிலில் போகிறோம் என்று மனைவி கேட்க, பிளாஸ்க்கில் காபி கொண்டுபோவது என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலைக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் விவாதிக்கவில்லை.

பிறகு பத்து மணிக்கு சாலர் ஜங். இதில் எனக்கு அனுபவம் இருந்ததால் எல்லாக் கூடத்தையும் பார்ப்பது என்ற பேராசையை முதலிலேயே வெட்டினேன். இவ்வளவு பொருளையும் பெரும்பாலும் சேர்த்தவர் மூன்றாம் சாலர் ஜங் எனப்பட்ட மீர் யூசுஃப் அலி கான். 1912-ல் இளம் வயதிலேயே நிஜாமின் திவானாகி, 1914-ல் பதவியை விட்டவர். அதன்பின் வாழ்நாள் முழுவதும் பொருள் சேர்த்தார். கடிகாரம், வாள், பீங்கான், தந்தம், ஓவியம், பொம்மை, புத்தகம் எதையும் விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1949-ல் அவர் மறைந்தபோது வாரிசு இல்லை, அரண்மனை நிறையச் சாமான் இருந்தது. 1951-ல் நேரு அதை மியூசியமாகத் திறந்து வைத்தார்.

இதை நான் வாசித்துக் காட்டியதும் மனைவி சொன்னாள்: “கல்யாணம் ஆகியிருந்தா ரெண்டாவது கடிகாரத்தோட நின்னிருக்கும். இதுக்கெல்லாம் யாரு தூசி தட்றதுன்னு ஒரு கேள்வி போதுமே.” வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கோணத்தை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பார்க்க வேண்டியவை என்று நான் குறித்தவை கொஞ்சம்தான். ஒன்று, முக்காடிட்ட ரெபெக்கா. இத்தாலியச் சிற்பி பென்சோனி செய்த பளிங்குச் சிலை. முதலாம் சாலர் ஜங் 1876-ல் ரோமில் வாங்கியது. முகத்தின் மேல் விழுந்திருப்பது நனைந்த மெல்லிய துணி என்றே கண் சொல்லும். துணிக்குள் மூக்கு, இதழ், தாழ்ந்த இமை எல்லாம் தெரியும். எல்லாமே ஒரே கல் என்று மூளை எவ்வளவு சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. இன்னொன்று, ஒரே மரத்தில் முன்னும் பின்னுமாகச் செதுக்கிய இரட்டைச் சிலை. முன்னால் நிமிர்ந்து நிற்கும் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற சாத்தான், பின்னால் தலை குனிந்த மார்கரெட்டா. பின்பக்கம் தெரிய ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். கண்ணாடி முன் செல்ஃபி எடுக்கிறவர்கள் விலகும்வரை காத்திருந்தால் மார்கரெட்டாவையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 11.45-க்குள் கடிகாரத்தின் முன் இடம் பிடித்துவிட வேண்டும். இதுதான் என் திட்டத்தின் முதுகெலும்பு. கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்திடம் வாங்கிய இசைக்கடிகாரம் அது. ஒவ்வொரு மணிக்கும் சிறிய கதவு திறந்து, தாடி வைத்த பொம்மை ஒன்று வெளியே வந்து மணியை அடித்துவிட்டு உள்ளே போகும். மற்றொரு பொம்மை விநாடிக்கு விநாடி சுத்தியல் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மணிக்குப் போனால் ஒரே அடி. பன்னிரண்டு மணிக்குப் போனால் அதே டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு அடி. இந்தக் கணக்கைச் சொன்னதும் மாமியார் முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

அந்தக் காட்சியை மறக்க முடியாது. வரிசையாக நாற்காலிகள், பின்னால் நிற்கும் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள், தூக்கிப் பிடித்த செல்போன்கள். பொம்மை தலைகாட்டியதும் ஒரு ஆரவாரம். பிறகு தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும் தமிழிலும் எண்ணத் தொடங்குவார்கள். பெரியவர்களுக்கும் வெட்கமில்லை. கடைசி அடி விழுந்து கதவு மூடியதும், கிளம்புகிற கூட்டத்தில் எல்லா மொழியிலும் ஒரே பேச்சு: சாப்பாடு எங்கே?

இங்கேதான் வீட்டில் பெரிய சண்டை வந்தது. மச்சினன் ஆம்பூரில் பெண் எடுத்தவன். சீரகச் சம்பாவும் கத்தரிக்காய் தொக்கும் இல்லாதது பிரியாணியே அல்ல என்பது அவன் மாமனார் வீட்டுக் கொள்கை. பாஸ்மதியைச் சாப்பிட்டதாக அங்கே தெரிந்தால் தலைதீபாவளிக்குச் செய்த சீரைத் திரும்பக் கேட்பார்கள் என்றான். ரம்ஜான் மாதமாக இருந்தால் ஹலீமாவது சாப்பிட்டிருப்பேன் என்றும் அலுத்துக்கொண்டான். கோதுமையும் கறியும் பருப்பும் நெய்யும் மணிக்கணக்கில் வெந்து, கடைந்து, ஒன்றோடொன்று கரைந்துபோன அந்தப் பண்டத்துக்கு 2010-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மாமியார் சைவம். “பாவம், அம்மா என்ன சாப்பிடுவா?” என்று மனைவி கவலைப்பட்டாள். அவருக்குத்தான் ஹைதராபாத்தில் யோகம். கோங்குரா பச்சடி, பருப்புப் பொடி, நெய், ஆவக்காய் என்று இலை நிறைய ஆந்திரா மீல்ஸ் வரும். பொடியில் நெய்யை ஊற்றிப் பிசைந்த முதல் கவளத்துக்குப் பிறகு அவர் பஞ்சாங்கத்தை மறந்துவிடுவார் என்பது என் நம்பிக்கை.

பிரியாணிக்குப் பிந்தைய கட்டத்தில் ‘தூக்கம்’ என்று எழுதச் சொன்னேன். மச்சினன் மறுத்துவிட்டான். இவ்வளவு செலவு செய்து போய்த் தூங்கினோம் என்று எக்ஸெல்லில் பதிவாகிவிடும், நாளைக்கு யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றான். கடைசியில் 2 முதல் 4.30 வரை ‘உள்ளூர் அனுபவம்’ என்று போட்டோம். பச்சை நிறம் கொடுத்தான். சாயங்காலத்துக்கு சார்மினாரும் லாட் பஜார் அரக்கு வளையலும். வளையல் கட்டத்துக்கு முடியும் நேரத்தை நிரப்ப வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

கோல்கொண்டா ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குத் தள்ளிப் போனது. உச்சிக்கு ஏற முந்நூற்றுச் சொச்சம் படிகள். காலையில் இட்லியோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏறலாம். கோட்டை வாசல் மண்டபத்தில் ஒருவர் கைதட்டினால் மலை உச்சியில் கேட்கும்படி கட்டியிருக்கிறார்கள். பகைவர் வந்தால் மேலே தெரிய வேண்டும் என்பதற்காக என்பார்கள். முந்தைய நாள் பிரியாணியின் விளைவு தீராதவர்களுக்கும் அது உதவும். கீழேயே நின்று அவ்வப்போது தட்டினால் உயிரோடிருப்பது மேலே தெரியும்.

நிஜாம் மியூசியத்துக்கு நேரமில்லை என்று மச்சினன் அழித்துவிட்டான். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் உடை அறை அங்கே இருக்கிறது, சுமார் 176 அடி நீளம், இரண்டு பக்கமும் தேக்கு அலமாரிகள் என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வீட்டில் அவளுக்கு இருக்கும் ஒற்றை பீரோவின் வரலாறு முழுவதும் இருந்தது. பேச்சை மாற்றத்தான் அந்தத் திருட்டுக் கதையை எடுத்தேன்.

2018 செப்டம்பரில் அந்த மியூசியத்துக்குள் இரண்டு பேர் வென்டிலேட்டர் வழியாக இறங்கினார்கள். வைரமும் மாணிக்கமும் பதித்த தங்க டிபன் பாக்ஸ், கோப்பை, சாசர், ஸ்பூன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மும்பை போய் நட்சத்திர ஓட்டலில் தங்கினார்கள். சில நாளிலேயே பிடிபட்டார்கள், பொருள்களும் மீண்டன. விசாரணையில் போலீஸ் சொன்னதுதான் விசேஷம். திருடியவர்களில் ஒருவர் அந்த டிபன் பாக்ஸில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அது ஏழாம் நிஜாமின் உடைமை. 1937-ல் டைம் பத்திரிகை உலகின் பெரும் பணக்காரர் என்று அட்டையில் படம் போட்ட அந்த மனிதர், தகரத் தட்டில் சாப்பிட்டவர் என்று கதை உண்டு. அவரே ஒருநாளாவது அதில் சாப்பிட்டாரா என்பது சந்தேகம். மியூசியத்தையும் சாப்பாட்டையும் இவ்வளவு குறைந்த நேரத்தில் இணைத்த பயணத் திட்டம் வேறு யாரும் போட்டதில்லை என்று நான் முடித்தேன்.

மச்சினன் பேசாமல் நிஜாம் மியூசியத்துக்கு ஒரு நீலக் கட்டம் திறந்தான். மகள் அந்த வென்டிலேட்டரைப் பார்க்க முடியுமா என்றாள். மாமியார் மட்டும் வெகுநேரம் யோசனையில் இருந்தார். பிறகு கேட்டார்:

“பிடிச்சப்போ, கழுவி வச்சிருந்தானாமா மாப்பிள்ளே?”