ஆப்ட் வழங்கும் புணர்ச்சி விதிகள்: ஓர் ஆய்வு

நன்னூலார் லினக்ஸ் பயன்படுத்தியதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் நிலைமொழியோடு வருமொழி சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூவகை விகாரம் நேரும் என அவர் வகுத்ததை டெபியன் லினக்ஸ்காரர்கள் வரி பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கும் அவர்களின் கருவியான ஆப்ட் திரையில் போடும் பட்டியலைப் பாருங்கள்: புதிதாக வருபவை, பதிப்பு மாறுபவை, நீக்கப்படுபவை. நான்காவதாக, ‘நிறுத்தி வைக்கப்பட்டவை’ என்று ஒன்று உண்டு. அது இயல்புப் புணர்ச்சி. பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் நடக்காது.

இவ்வாய்வின் மூலச்சுவடி, நாலு வருஷமாகப் பரணில் கிடந்த என் லேப்டாப். அதில் இருந்தது 2021 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 11. போய்ச் சேர வேண்டியது 2025 ஆகஸ்டில் வந்த 13. நேரே தாவக் கூடாது. 2023-இல் வந்த 12-இல் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும்.

கட்டளைகளின் பொருள் வேற்றுமையை உரையாசிரியர்கள் ஏனோ தொடவில்லை. ‘ஆப்ட்-கெட் அப்கிரேடு’ திரிதலை மட்டுமே அனுமதிக்கும். ‘ஆப்ட் அப்கிரேடு’ தோன்றலையும் சேர்த்துக்கொள்ளும். ‘ஃபுல்-அப்கிரேடு’ கெடுதலுக்கும் துணிந்தது. எடுத்த எடுப்பில் இதை அடித்து, பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ தட்டிவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்தால், டெஸ்க்டாப் மகர ஈறு மாதிரி கெட்டிருக்கலாம். அதனால்தான் முதலில் புது பேக்கேஜ் சேர்க்காத அப்கிரேடு, பிறகே ஃபுல்-அப்கிரேடு என்கிறது டெபியனின் வெளியீட்டுக் குறிப்பு.

12-இல் பெரிய வம்பில்லை. ஃபர்ம்வேர் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயிருந்தது. சோர்சஸ் லிஸ்டில் அதன் புது விலாசத்தையும் எழுதினேன்.

13-இல்தான் இலக்கணம் சூடு பிடித்தது. 32 பிட் நேரக்கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க நேரத்தை 64 பிட்டாக்கி, பாதிக்கப்படும் லைப்ரரிகளின் பெயரில் ‘டி64’ என்ற விகுதியை ஒட்டினார்கள். லிப்எஸ்எஸ்எல்3, லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆயிற்று. என் லேப்டாப்பில் நேரம் முன்பே 64 பிட். இருந்தும் விகுதி அங்கேயும் வந்து ஏறியது. தனக்கென்று பொருளில்லாமல் ஒட்டிக்கொள்ளும் இதைப் பகுதிப்பொருள் விகுதி என்க. (ஆய கலைகளுக்கும் இந்த 64-க்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது.)

உண்மையான சண்டை ஓர் ஐகானால் வந்தது. முன்னொரு நாள் வெளியார் களஞ்சியம் ஒன்றிலிருந்து ஒரு வீடியோ பிளேயரைப் போட்டிருந்தேன். அதன் பேக்கேஜும் டெபியனின் புது பேக்கேஜும் ஒரே பிஎன்ஜி கோப்புக்குப் பட்டா வைத்திருந்தன. நகக்கண் அளவு படம். ‘இது இன்னொருவருடையது’ என்று சொல்லி, ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ‘முன்னவர் இடத்துக்கு நான் வருகிறேன்’ என்று புது பேக்கேஜ் தன் குறிப்பில் ‘ரிப்ளேசஸ்’ வரி போட்டிருந்தால் அது திரிதலாகி இருக்கும். வெளியார் வைத்திருக்கும் பேக்கேஜ் டெபியனுக்கு எப்படித் தெரியும்?

‘ஃபோர்ஸ்-ஓவர்ரைட்’ என்று ஓர் உபாயம் உண்டு. அது புலவர் வழக்கன்று, அடியாள் வழக்கு. நான் பழைய பிளேயரைக் கையால் கெடுத்தேன், ‘ஃபிக்ஸ்-ப்ரோக்கன்’ அடித்தேன், பாதியில் நின்றவை எல்லாம் வரிசையாகப் புணர்ந்தன.

மறுபடி பூட் ஆகி, வைஃபையும் வந்தது. இனித் தேவைப்படாதவை என்று ஆப்ட் ஒரு திரை நிறையப் பெயர்களை அடுக்கி, ‘ஆட்டோரிமூவ்’ செய்யலாமே என்றது. மணி பதினொன்றரை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.